ஐஸ் பெட்டியில் இன்சுலின்

பதினோரு வருடமாக மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பாடம் நடத்தியவள் நான். அதனால், புதுக்கோட்டையில் எங்கள் நர்சிங் கல்லூரி முதல்வர், "இனிமே ஆறு ஆறு பேரா உக்கார வச்சு, அவங்களையே பேச விடுங்க" என்றபோது எனக்குச் சுருக்கென்றது. பேச விட்டால் சினிமாக் கதைதான் பேசுவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுகளை இழுத்துப் போட்டேன்.

அன்று சர்க்கரை நோய்ப் பாடம். ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தி நர்ஸாகவும் ஒருத்தி நோயாளியாகவும் நடித்துப் பேச வேண்டும். ஒரு குழுவில், கடலோர ஜெகதாப்பட்டினத்துப் பெண் இருந்தாள். வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் வாயே திறக்காமல் இரண்டு முறை தோற்றவள். படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் அப்பா வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதிகம் பேச வேண்டியிருக்காது என்று குழுவில் அவளை நோயாளியாக்கினார்கள். குளத்தூர்ப் பெண் நர்ஸ்.

நர்ஸ் புத்தகத்தை அப்படியே ஒப்பித்தாள். நோயாளி எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினாள். "இன்சுலின ஃப்ரிட்ஜுல வைங்க" என்றதும் தலையாட்டல் நின்றது.

"எங்க வீட்டுல ஃப்ரிட்ஜு இல்லையேம்மா. மீன் வைக்கிற ஐஸ் பெட்டியில வச்சுக்கிறவா?"

குளத்தூர்க்காரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "வச்சுக்கங்க, நல்லா குளுகுளுன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டாள் அவள்.

"ஐயய்யோ, வைக்கக் கூடாதுடி!" நோயாளி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். "ஒறைஞ்சா மருந்து கெட்டுப்போயிரும். எங்க தெருவுல அப்படி வச்சுப்புட்டு, ஊசி போட்டும் சர்க்கரை எறங்கலையேன்னு பொலம்புவாங்க. டப்பாவுல போட்டு மூடி, மண்பானைத் தண்ணிக்குள்ள வைக்கச் சொல்லணும்."

மற்ற குழுக்களும் இங்கிட்டுத் திரும்பி உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தன. அவள் நின்றபடியே பதில் சொன்னாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார், கடலுக்குப் போவதை ஒரு நாள் விட்டுவிட்டு. மகள் பெட்டி படுக்கை எதுவும் இல்லாமல் கேட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"நான் வரலப்பா. வெள்ளிக்கிழமை ரத்தக் கொதிப்புப் பாடம். நாந்தான் நர்ஸு."

அவர் என்னிடம் திரும்பி, "எம் புள்ளையா இம்புட்டுப் பேசுது?" என்றார்.

"காலையிலேருந்து நிறுத்தவே இல்லைங்க."

"அப்ப நான் மட்டும் போறேன்த்தா" என்று மகளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அத்தனை தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதில் அந்த மனிதருக்கு அப்படியொரு சந்தோஷம்.