பச்சை டேப்

என் வீட்டுக்காரருக்குக் கழுத்து வலி, முழங்கால் வலி, கூடவே தன் வேலையைப் பற்றிய தலைக்கனம். முதல் இரண்டுக்கும் தைலம் இருக்கிறது. மூன்றாவதற்கு நான் இருக்கிறேன்.

முப்பத்தோரு வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறார். வீட்டை ஒட்டிய ஷெட்தான் கடை. போன் எடுப்பது, வருகிறவர்களை உட்காரவைப்பது, அவர் வண்டிக்கு அடியில் கிடந்தபடி கேட்பதை எடுத்து நீட்டுவது எல்லாம் என் வேலை. பல நேரம் அவர் வாய் திறப்பதற்குள்ளேயே சரியான ஸ்பேனரை நீட்டிவிடுவேன். அதற்கு ஒரு நல்ல வார்த்தை இன்றுவரை கிடைத்ததில்லை.

ஒயரை எங்கே இணைத்தாலும் அதன்மேல் பச்சை டேப்தான் சுற்றுவார். மற்ற கடைகளில் எல்லாம் கறுப்பு. "நாளைக்கு எவன் திறந்து பார்த்தாலும் இது யார் வேலைன்னு தெரியணும்" என்பார். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அன்று காலை என் நாத்தனாரின் வேனை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. பதினாறு வருடப் பழைய வேன். வாரத்தில் மூன்று நாள் ஆறு நோயாளிகளை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருவதுதான் அவளுக்குப் பிழைப்பு. இன்ஜின் விளக்கு எரிவதும், வண்டி நடுரோட்டில் அணைவதுமாக இரண்டு மாதமாக அவளைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் இவர் கழுத்து வலியோடு படுக்கையில் கிடந்ததால், அவள் வேனைக் கண்ணாடிக்காரரிடம் கொண்டுபோனாள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர். நாலு தெரு தள்ளிக் கடை. அவரும் இவரும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். வண்டியின் கோளாறைச் சொல்லும் ஸ்கேனரில் வந்த குறியீடுகளைப் பார்த்து அவர் மூன்று சென்சார்களை மாற்றினார். இரண்டு நாள் ஓடிய வண்டி மறுபடியும் நின்றது. நாத்தனார் அவர் கடை வாசலில் நின்று ஆடித் தீர்த்துவிட்டாள். ஏமாற்றுக்காரன் என்று மற்ற வேன்காரர்களிடமும் சொல்லிவைத்தாள். போதாததற்கு இவர் படுக்கையில் கிடந்தபடியே, "ஸ்கேனரைப் படிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் மெக்கானிக்கா?" என்று போனில் நாலு பேரிடம் சிரித்தார். ஒரு மாதமாகக் கண்ணாடிக்காரர் கடையில் ஒரு வேன்கூட நிற்பதில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். வெறும் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவர் ஸ்கேனரைச் செருகினார். ஐந்து சென்சார்கள் பழுது என்று குறியீடுகள் வரிசையாக வந்தன. புதிதாகப் போட்ட மூன்றும் அதில் அடக்கம்.

"அஞ்சும் போச்சாண்ணா?" என்றாள் நாத்தனார். காலையில் ஆறு பேரையும் வேறு வண்டி பிடித்து ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

"ஒரு வீட்ல அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல வாந்தின்னா, அஞ்சு பேருக்கும் தனித்தனியா வியாதியா வந்திருக்கும்? முதல்ல தண்ணித் தொட்டியைப் பாக்கணும்."

குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். இன்ஜின் சூடாகும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இந்த வேலையில் பாதி காத்திருப்பதுதான். அந்தப் பாதிக்கு யாரும் மதிப்புத் தருவதில்லை. இருபது நிமிடம் கழித்து விளக்கு எரிந்தது. குறியீடுகள் மறுபடியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு ஒயர் கட்டாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையைச் சென்சார்களுக்குப் பொதுவான எர்த்திலும் வைத்தார். முள் பூஜ்யத்தை விட்டு அசையக் கூடாது. ஒரு வோல்ட் வரைக்கும் ஏறியது.

"எர்த் சரியில்ல. சென்சார் எல்லாம் பாவம், எதுவும் சாகல. நிக்க இடமில்லாமப் பொய் சொல்லுதுங்க."

நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். இவர் பேட்டரியைக் கழற்றி, அதன் தட்டுக்கு அடியில் தலையை விட்டு எர்த் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். கை ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

நான் டார்ச்சோடு எட்டிப் பார்த்தேன். பச்சை டேப்.

பிளேடால் கீறினார். உள்ளே செம்பு முழுக்கக் களிம்பு பூத்துப்போய், தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஈயம் உருக்கிப் பற்றவைத்த தடமே இல்லை. வெறுமனே முறுக்கிச் சுற்றியிருந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அன்னிக்குக் கரண்ட் இல்ல. உடம்பும் முடியல. நாளைக்கு வந்து ஈயம் வைக்கலாம்னு சும்மா முறுக்கி விட்டேன்."

அந்த ‘நாளை’ வரவேயில்லை. முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

நான் உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன்: எனக்கு முதலில் தோன்றியது எலிதான். இந்தத் தொழிலில், காரணம் சொல்ல முடியாத ஒவ்வொரு ஒயருக்கும் ஓர் எலி உண்டு. அந்த எலியை யாரும் பார்த்ததில்லை, யாரும் சந்தேகப்பட்டதும் இல்லை.

"ஏங்க, எலி கடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க. உங்க தங்கச்சிதானே. ஒயரை மாத்தி அனுப்புங்க. முப்பத்தோரு வருஷப் பேரு."

"எலின்னா, அந்தக் கண்ணாடிக்காரன் கண்டுபிடிக்காம விட்டதாத்தானே ஆகும்?"

"அவர் பேருதான் ஏற்கெனவே போயாச்சே."

சொன்ன பிறகு என் வாயை எனக்கே பிடிக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். புது ஒயரை வெட்டி, ஈயம் வைத்து, கறுப்பு டேப் சுற்றினார். வண்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டும் விளக்கு எரியவில்லை. பிறகு அந்தப் பழைய துண்டை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார்.

அவளுக்குப் பச்சை டேப் தெரியாதா? "அண்ணா, அந்த மனுஷனை நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா?" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று பேரும் அந்த வேனிலேயே போனோம். கண்ணாடிக்காரர் ஸ்டூலில்தான் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டைப் பட்டனை மாட்டிக்கொண்டார். எனக்கு அது தாங்கவில்லை.

இவர் ஒயர்த் துண்டை மேஜைமேல் வைத்தார். "சென்சார் இல்ல. இதுதான். என் வேலை."

கண்ணாடிக்காரர் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்ததா?" என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவரைக்கும் வந்தேன். எர்த்தாத்தான் இருக்கும்னு எனக்கும் பட்டுது. பச்சையா இருந்துச்சு. நீ போட்டதாச்சே, இதுல என்ன இருக்கப்போகுதுன்னு பிரிக்காம விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் சென்சார் பக்கம் போனேன்."

இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் வலி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஊரெல்லாம் சிரித்தபோதும், இதை ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார் அந்த மனிதர். எலி கடித்தது என்று சொல்லச் சொன்ன நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த வண்டியில இன்னும் நாலு பச்சை இருக்கு" என்றார் இவர். "நாலையும் நீயே பிரிச்சுப் பாருடா."

அவர் பதில் சொல்வதற்குள் நாத்தனார் போய் வேனை ரோட்டோரத்திலிருந்து எடுத்து, போகிற வேன்காரர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி, கடை வாசலில் குறுக்காக நிறுத்தினாள். எந்த இடத்தில் நின்று கத்தினாளோ அதே இடத்தில் நின்று, சாவியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கிறேன்" என்றாள். "எதையும் பிரிக்காம விட்டுடாதீங்க."

வீட்டுக்கு நாங்கள் நடந்துதான் வந்தோம்.