அண்ணியின் பிரம்புக் கூடை

அண்ணி கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அவர் முதுகில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. அதற்குள் ஐந்து மாதப் பெண்குழந்தை. "கொழுந்துக் கூடையில புள்ளையப் போட்டுக்கிட்டு வந்துட்டா பாரு" என்று அம்மா சிரித்தார். அண்ணி போர்னியோத் தீவின் டயாக் இனத்தவர். அங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த அண்ணன் அவரை மணந்து, தமிழும் பேசப் பழக்கியிருந்தான். கூடையை முடைந்தவர் அண்ணியின் தகப்பனார். கறுப்பும் வெளிர்மஞ்சளுமான இழைகள் அதில் கொடிபோலச் சுருண்டு ஓடின. விளிம்பில் தொங்கிய பாசிமணிகளும் சிப்பிகளும் நடக்கும்போது கலகலத்தன. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையின் உயிர் வழி தவறாமல் கூட வருமாம். பிள்ளை வளரும்வரை கூடையை இரவல் கொடுக்க மாட்டார்களாம். இதையெல்லாம் நாங்கள் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து, என் டயரியின்படி ஒரு வெள்ளிக்கிழமை, கீழ் லயத்து வரிசைவீட்டுப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்று வந்தாள். நன்றாக வளரும் பிள்ளையின் பழைய சட்டையைப் புதுப்பிள்ளைக்கு முதலில் போடுவது எங்கள் வழக்கம். அம்மா ஒரு படி மேலே போய்க் கூடையையே கொடுத்துவிட்டார். மலைநீர் விழும் பீலியில் துணி துவைத்துவிட்டு வந்த அண்ணி, கூடை தொங்கும் ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தார்.

"அத்தே, கூடை எங்க?"

"கீழ் லயத்துப் புள்ளைக்குக் குடுத்தேன். நம்ம புள்ள ராசி அதுக்கும் வரட்டுமே."

"அதுல பாப்பா உசுரு இருக்கு, அத்தே. வேற புள்ளையோட போயிரும்."

"நல்லதுக்குக் குடுத்தது குத்தமா?" அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

அண்ணியோடு நானும் இறங்கிப் போனேன். கூடையில் பழஞ்சேலை விரித்துப் பச்சைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் பிள்ளையைக் கிளப்ப அண்ணிக்கு மனம் வரவில்லை, வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே காத்திருந்தோம். பிள்ளை விழித்ததும் அதன் தாயே கூடையை எடுத்து நீட்டினாள். "கொண்டு போங்கக்கா. சட்டை ஒண்ணு அனுப்புங்க, போதும்."

வெறுங்கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணி மேடேறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மணிகளைக் குலுக்கி, மகளின் பெயரைச் சொல்லித் தன் மொழியில் கூப்பிட்டார். "கூடைகிட்ட குடும்பக் கதை பேசுறா" என்று கொழுந்துப் பெண்கள் சிரித்தார்கள். நான் பத்தடி விலகி நடந்தேன். அந்த மகள் இன்று கண்டியில் வேலைக்குப் போகிறாள். அந்தப் பத்தடியைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வாசலில் அம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். கூடையைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு, அத்தே."

அம்மா ஒதுங்கி வழிவிட்டார்.