அட்டை இல்லாமல் வந்த குழந்தை

நான் திருத்தங்கல் பக்கம் கிராம செவிலியராக இருந்தபோது, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தது. தடுப்பூசி விவரங்களை நோட்டிலும் எழுத வேண்டும், கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். ஒரே வேலைக்கு இரட்டைப் பாடு என்று நான் சலித்துக்கொள்ளாத நாளில்லை.

ஒரு புதன்கிழமை, பட்டாசுக் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு பெண் ஒன்பது மாதக் குழந்தையோடு வந்தாள். காரியாபட்டியிலிருந்து பிழைப்புக்காகச் சில மாதங்களுக்கு முன்பு குடிவந்தவள்.

"தட்டம்மை ஊசி போடணும் நர்சம்மா. வீடு மாத்தயில அட்டை எங்கனயோ போயிருச்சு."

"முன்னாடி என்னென்ன போட்டீக?"

"தொடையில போடுற ஊசி ரெண்டு போட்டாச்சு. மூணாவதுக்குப் போகயில காய்ச்சல் அனலாக் கொதிச்சது. அப்புறம் போடவே இல்ல."

எனக்கு நம்பிக்கையில்லை. இப்படிக் குழப்பிச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊர் மாறிய பிள்ளையின் கணக்கு பழைய ஊர் நோட்டோடு நின்றுவிடும். வேறு வழியில்லாமல் அவள் பெயர், கணவன் பெயர், பிரசவ தேதி மூன்றையும் கம்ப்யூட்டரில் தட்டினேன்.

வெகுநேரம் சுற்றிவிட்டு ஒரு பக்கம் திறந்தது. பெயர் என்ற இடத்தில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. பிறந்த எடை, முதல் ஊசி, இரண்டாவது ஊசி, எல்லாவற்றுக்கும் தேதி. மூன்றாவது கட்டம் காலி.

அவளைச் சந்தேகப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க சொன்னது அப்படியே இருக்கும்மா."

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். "காரியாபட்டியில எழுதுனது இங்கன எப்படி வந்துச்சு?"

அங்கேயும் யாரோ என்னைப் போலவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, விடுபட்ட மூன்றாவது ஊசி, தட்டம்மை ஊசி இரண்டையும் போட்டேன். பையன் கட்டடமே அதிர அழுதான்.

அவர்கள் போனதும், காரியாபட்டிச் செவிலியருக்குப் போன் செய்தேன். முன்பின் பேசியதில்லை. தாயின் பெயரைச் சொல்லி, பிள்ளை இங்கே ஊசிக்கு வந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பயலா!" என்றார். "விடுபட்ட பிள்ளைக பட்டியல்ல மாசக்கணக்கா நிக்கிறான். எம்புட்டுத் தடவை போனாலும் வீடு பூட்டியே கெடக்கு. பிள்ளைக்கு என்னமும் ஆயிருச்சோன்னு பதறிப்போய்க் கெடக்கேன்க்கா. நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான். இப்பத்தான் அழுது முடிச்சான்."

பேசிக்கொண்டே அன்றைய தேதியை இரண்டு கட்டங்களிலும் ஏற்றினேன். பையனின் பெயரையும் சேர்த்தேன். மறுமுனையில் அவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"வந்துருச்சு!" என்று கத்தினார். "யக்கா, இங்கன வந்துருச்சு!"