வெள்ளைச் சட்டைப் பெட்டி

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் கெல்டன் பல்கலைக்கழகத்தில் வெர்னா ஹாஃப்ஸ்டெட்டரைத் தெரியாத விளையாட்டுக்காரர் கிடையாது. அங்கே பதினான்கு அணிகள். பதினான்குக்கும் சட்டை துவைப்பது, ஷூ வாங்குவது, கிழிந்ததைத் தைப்பது, வெளியூர் போனால் பெட்டி கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. பாஸ்கட்பால் அரங்கின் அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மூன்று வாஷிங் மெஷின்களோடு பத்தொன்பது வருஷமாக மாரடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு சாக்ஸைக்கூட மறந்துவிட்டுப் போனதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைக்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

பெண்கள் பாஸ்கட்பால் அணிமேல் அவளுக்குத் தனி ஒட்டுதல். தோற்பதற்கென்றே பிறந்த அணி அது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விடுவான். பயிற்சியாளர் ரொஷெல் டிப்ஸ்கூட "நல்லா ஆடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். வெர்னா மட்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஒவ்வொருத்தி கையிலும் சட்டையைக் கொடுத்து, கண்ணைப் பார்த்து, "இன்னைக்கு ஜெயிக்கிறோம்" என்பாள். தங்களை நம்புவதற்கு ஓர் ஆளாவது இருக்கிறாள் என்று அந்தப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷ மார்ச்சில் லீக் போட்டி ஓமஹாவில். எட்டு அணிகள், கெல்டன் ஏழாவது. எந்த ஆட்டத்திலும் வரிசையில் மேலே இருக்கிற அணி வெள்ளைச் சட்டை போடும், கீழே இருக்கிற அணி அடர்நிறம் போடும். ஏழாவதுக்குக் கீழே எட்டாவது ஒன்றுதான். அந்த எட்டாவதோ ஆட்ட அட்டவணையின் மறுபாதியில் கிடந்தது. கெல்டன் வெள்ளை போட வேண்டுமென்றால் ஏழாவதும் எட்டாவதும் ஃபைனலுக்கு வர வேண்டும். நடக்கிற காரியமா? வியாழக்கிழமை தோற்று வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர்வார்கள் என்று வெர்னா கணக்குப் போட்டாள். பஸ்ஸில் இடமும் குறைவு. வழக்கமாக ஏறுகிற இரண்டு பெட்டிகளில் அடர்பச்சைச் சட்டைப் பெட்டியை மட்டும் கட்டி வாசலில் வைத்தாள். பெட்டிகளை ஆட்டக்காரிகளே தூக்கி ஏற்றுவது கெல்டன் வழக்கம், ஏற்றினார்கள்.

அப்புறம் நடந்ததை ஓமஹாவில் இன்றும் பேசுகிறார்கள். வியாழக்கிழமை கெல்டன் இரண்டாவது அணியை வீழ்த்தியது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்றாவது அணியை. வெர்னா தொண்டை கட்டும்வரை கத்தினாள். அன்று சாயங்காலம் மறுபக்க அரையிறுதியைப் பார்க்க உட்கார்ந்தவள், கடைசிவரை ஸ்கோர் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ப்ரெஸ்காட் வேலி ஜெயித்துவிட்டது. அதுதான் எட்டாவது.

மறுநாள் ஃபைனல். ஊருக்குப் போய் எடுத்துவரலாம் என்றால் பனி கொட்டி மேற்கே போகும் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ப்ரெஸ்காட் அணிக்குப் பெட்டி கட்டுகிற ஓரின் மபெரி அவளை நடைவழியில் பிடித்தான். பல வருஷப் பழக்கம்.

"ஏன் வெர்னா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஃபைனலுக்கு வந்திருக்கீங்க."

"வெள்ளைய எடுத்துட்டு வரல, ஓரின்."

"நீயா? துண்டைக்கூட ரெண்டு தடவ எண்ணுறவளாச்சே."

"ஏழாவது இடத்துக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"நாங்க எட்டாவது. எங்களுக்கு எந்த ஜென்மத்துலயும் வெள்ளை தேவைப்படாது. நான் தூக்கிட்டு வந்திருக்கேன் பாரு." அவன் தோளைக் குலுக்கினான். "விடு, நாங்க வெள்ளைய போட்டுக்கறோம். ரெண்டு கோச்சும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

முடிந்தது என்கிறான்! வெர்னாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ரொஷெல் காகிதத்தைப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடினாள்.

"பச்சையப் போடச் சொல்லி லீக்ல முடிவு பண்ணிட்டாங்கன்னு பொண்ணுங்ககிட்ட சொல்லிடறேன். நீ எதுவும் சொல்லாத. நீயே நம்பலன்னு தெரிஞ்சா நாளைக்கு கால் எந்திரிக்காது அதுங்களுக்கு."

வெர்னா தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மதியம் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உடைமாற்றும் அறைக்கு வந்தார்கள். வெர்னா பெட்டியைத் திறந்தாள். முதல் சட்டை கேப்டன் ஜனேய் ஓக்ஸுடையது. கொடுத்தாள், கண்ணைப் பார்த்தாள், "இன்னைக்கு" என்று தொடங்கினாள். அதற்குமேல் வாய் வரவில்லை.

"லீக் ஒண்ணும் முடிவு பண்ணல. நான்தான் வெள்ளைய எடுத்துட்டு வரல. வியாழக்கிழமையே தோத்துருவீங்கன்னு நெனச்சேன். வாயால ஒண்ணச் சொல்லிட்டு கையால வேற செஞ்சிருக்கேன். மன்னிச்சிருங்க."

ரொஷெல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும், மிஸ் வெர்னா," என்றாள் ஜனேய்.

"என்ன தெரியும்?"

"புதன்கிழமை பெட்டி ஏத்துனது நாங்கதானே. ஒண்ணுதான் இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வந்திருப்பேனே."

"அதான் கேக்கல. நாங்க கேட்டு நீங்க கொண்டு வந்தா அதுல என்ன இருக்கு? இந்த ஒரு பெட்டி பத்தாம போகணும்னுதான் ரெண்டு நாளா ஆடுனோம்."

வெர்னா திறந்த பெட்டிமேல் குனிந்து அழுதாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"சட்டைமேல அழாதீங்க மிஸ் வெர்னா," என்றாள் மூலையிலிருந்து ஒருத்தி, "மாத்திக்க வேற இல்ல." ரொஷெல்கூடச் சிரித்துவிட்டாள். மிச்சச் சட்டைகளை வெர்னா பேசாமல்தான் கொடுத்தாள்; "இன்னைக்கு ஜெயிக்கிறோம்" என்கிற வாக்கியத்தை அன்று ஒவ்வொருத்தியும் அவளிடம் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

ஜனேய் படிப்பை முடித்து லிங்கன் நகரத்தில் பள்ளி வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் கெல்டன் இன்னும் மோசம், எட்டாவது. ஓமஹாவுக்குக் கிளம்புகிற புதன்கிழமை காலையில், புதிய பெண்கள் பெட்டிகளைத் தூக்கி வந்து பஸ்ஸருகே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது வெர்னாவின் போன் அடித்தது. ஜனேய்தான்.

"எத்தன பெட்டி, மிஸ் வெர்னா?"

"ரெண்டு."

"எட்டாவது இடத்துக்கா?"

"எட்டாவது இடத்துக்குத்தான்," என்றாள் வெர்னா. பிறகு போனைக் காதில் வைத்தபடியே, வெள்ளைப் பெட்டியை மேலாக வைக்கும்படி அந்தப் பெண்களுக்குக் கை காட்டினாள்.