இரண்டு நாள் டிராயரில் இருந்த கவர்

அந்தக் கவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் வந்தது. வழக்கம்போல அதன்மேல் தேதி முத்திரை குத்திவிட்டுப் பிரித்தேன். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். பக்கத்து அறையில் கோச் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கவரை டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது.

அமெரிக்கக் கல்லூரிகளில் படித்துக்கொண்டே ஆபீஸ் வேலைக்குச் சேரும் நம் பெண்கள் சிலர், "பேப்பர் வேலைதானேக்கா, இதுல பயப்பட என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. என் வேலை

சாத்தூரில் அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் மதுரையில் கணிதம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கி, எண்பத்துமூன்று ஜனவரியில் முதுகலைப் படிப்புக்காக டெக்ஸாஸ் வந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

டல்லாஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் தள்ளி ஒரு சின்னக் கல்லூரி. கணக்குத் துறையில் இடம் இல்லாததால் ஃபுட்பால் ஆபீஸில் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஃபீஸ் தள்ளுபடி. வேலை போனால் ஃபீஸ் கட்ட முடியாது. ஃபீஸ் கட்டாவிட்டால் விசா போய்விடும். இதை நான் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் தலையில் ஹெல்மெட், கையில் பந்து, மோதிக்கொண்டு ஓடுவது. ஆட்டம் எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் யார் யார் இறங்கத் தகுதியானவர்கள் என்ற பட்டியலை வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு, கல்லூரி நிர்வாகத்தைப் பார்க்கும் டீனின் ஆபீசில் கொடுப்பதுதான் என் வேலை. வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் பையன்களுக்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். கடந்த வருடம் இருபத்துநாலு கிரெடிட், அதாவது பாடத்துக்கு மூன்று வீதம் எட்டுப் பாடம், பாஸ் செய்திருந்தால்தான் அவர்கள் இறங்கலாம். ஒரு கிரெடிட் குறைந்தாலும் கூடாது. தெரியாமல் இறக்கிவிட்டால், ஜெயித்த ஆட்டமும் தோற்றதாகிவிடும்.

முதல் வருடம் இந்தக் கணக்கெல்லாம் மெர்ல் என்ற உதவி கோச் பார்த்தார். ஒன்பது வருடமாக அங்கே இருந்தவர். அவர் சொல்வதை டைப் அடிப்பேன், அவ்வளவுதான்.

2. கோச்சுகள் போன வாரம்

டிசம்பரில் தலைமைக் கோச்சுக்குப் பெரிய யுனிவர்சிட்டி ஒன்றில் வேலை கிடைத்தது. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தலைமைக் கோச் போனால் அவருடைய ஆட்களும் கூடவே போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து உதவி கோச்சுகள் இருந்தார்கள். திங்கட்கிழமை ஐந்து காலி மேஜைகள் இருந்தன. பிலிம் ரீல், விசில், சுவரில் மாட்டியிருந்த போட்டோ எல்லாம் போயிருந்தன.

மெர்ல் தன் பெட்டியைக் காரில் ஏற்றும்போது, "எல்லாம் ஃபைல்ல இருக்கு, பாத்துக்கோ" என்றார். (அவர்கள் பேசிய ஆங்கிலத்தை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.) ஃபைலில் பாரங்கள் இருந்தன. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது எந்தப் பாரத்திலும் இல்லை. அது மெர்லின் தலையில் இருந்தது. தலையோடு அதுவும் போய்விட்டது.

புதிதாக வந்தவர் கோச் டால்டன். ஒரு வருட ஒப்பந்தம். அவர் கூட்டி வந்த ஐந்து பேருக்கும் கேன்டீன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த டிரான்ஸ்ஃபர் பேப்பர் எல்லாம் இங்க யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும், சார்" என்றேன். தங்கப் பதக்கம் வாங்கியவளுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

3. ரே கொண்டுவந்த தாள்

ஆகஸ்டில் ரே வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், பந்தோடு ஓடுகிறவன். தன் பழைய கல்லூரியின் மதிப்பெண் தாளைக் கையிலேயே கொண்டுவந்து, இரண்டு கையாலும் என் மேஜைமேல் வைத்தான்.

"இது போதுமா, மேம்?"

தாளைத் தொட்டுப் பார்த்தேன். அச்சு அழுத்திய முத்திரை விரலில் தட்டுப்பட்டது. ஒரிஜினல்தான். கூட்டிப் பார்த்தேன், சரியாக இருபத்துநாலு. பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

என் தவறு இங்கேதான். நம் ஊரில் ஒரிஜினல் மார்க் ஷீட் மாணவன் கையில்தான் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு உயிரைப்போலக் காப்பாற்றுவோம். இன்டர்வியூவில் அதை நீட்டினால் எல்லோரும் நம்புவார்கள். காப்பிக்குத்தான் அதிகாரி கையெழுத்து வேண்டும், ஒரிஜினலுக்கு வேண்டியதில்லை. அமெரிக்காவில் இது தலைகீழ். மாணவன் கைபட்ட தாளுக்கு மதிப்பே கிடையாது. ஒட்டிய கவரில் கல்லூரியிலிருந்து நேராகத் தபாலில் வர வேண்டும். இங்கே எல்லோருக்கும் இது தெரிந்திருப்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

செப்டம்பரில் முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். இரண்டிலும் ரேதான் ஓடினான். ஊரே கோச் டால்டனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. டோனட் கடைக்காரர் எனக்கே காபி இலவசமாகக் கொடுத்தார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தைய செவ்வாயன்று அந்தக் கவர் வந்தது. ரேயின் பழைய கல்லூரி தானாகவே அனுப்பிய மதிப்பெண் தாள். அதில் கணக்குப் பாடத்துக்கு எஃப், அதாவது ஃபெயில். மொத்தம் இருபத்தோரு கிரெடிட். பழைய தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எஃப் என்ற எழுத்தில் கறுப்புப் பேனாவால் இரண்டு வளைவு போட்டு அதை பி ஆக்கியிருந்தது தெரிந்தது. நான் முத்திரையைத்தான் தடவிப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

4. செவ்வாயும் புதனும்

டல்லாஸ் பக்கத்தில் இர்விங் என்ற ஊரில் வசந்தி ஆன்ட்டி இருந்தார். சென்னைக்காரர். அவர் கணவர் எஞ்சினியர். லீவு நாட்களில் என்னைக் கூட்டிப்போய்ச் சோறு போடுவார். எனக்கு வேறு யாரைத் தெரியும்? செவ்வாய் சாயந்திரம் அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட அசடே, கவரை நீ மட்டும்தானே பாத்தே?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்ப வாயை மூடிண்டு இரு. ஃபைல்ல சொருகிட்டு மறந்துடு. எவன் வந்து செக் பண்ணப் போறான்?"

"பையன் சனிக்கிழமை ஆடுவானே ஆன்ட்டி."

"ஆடட்டுமேடி! பந்தைத் தூக்கிண்டு ஓடறதுக்கு கணக்குல பாஸ் பண்ணா என்ன, பண்ணாட்டி என்ன? நீ ஸ்டூடன்ட் விசால இருக்கே. கிரீன் கார்டு இருக்கறவாளே இங்க வாயைத் தொறக்கறதில்ல. உன்னைத் திருப்பி அனுப்பிச்சுட்டா உங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்பே?"

அப்பா முகம் கண்முன் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை முழுவதும் அந்த டிராயரைத் திறக்கவில்லை. ஸ்டாம்ப் அதில்தான் இருந்தது, தபால் ஆபீசுக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தேன். யார் கதவைத் தட்டினாலும் தூக்கிவாரிப்போட்டது. மத்தியானம் கோச் டால்டன் எட்டிப் பார்த்தார்.

"லக்ஷ்மி, லிஸ்ட் ரெடியா?"

"நாளைக்குத்தானே, சார்."

"என்ன, உடம்பு சரியில்லையா? பேயைப் பாத்த மாதிரி இருக்கே."

"வெயில், சார்."

"டெக்ஸாஸ்ல இதுக்குப் பேரு வெயில் இல்ல, குளிர்காலம்" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கிற மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கவரின்மேல் நான் குத்திய தேதி முத்திரை இருந்தது. கவரைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாளை மட்டும் வைத்துக்கொண்டால், அது என்று வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

5. வியாழன், பன்னிரண்டு மணிக்குள்

ஒன்பது மணிக்கு ரே வந்தான். வாரா வாரம் வந்து அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்பான். நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு ஏதாவது தபால் வந்துதா, மேம்?"

நான் டிராயரைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"வந்துடுச்சு, இல்ல?"

"எழுத்தை மாத்தினது யாரு, ரே?"

"நான்தான்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு அந்த நாற்காலியில் சின்னதாகத் தெரிந்தது. "மூணு வருஷத்துல மூணு காலேஜ், மேம். என்னைச் சேத்துக்கிட்ட கோச் ஒருத்தன்கூட நான் பெட்டியோட வந்து நிக்கறப்போ அங்க இல்ல. மெர்ல் நவம்பர்ல போன் பண்ணி வான்னாரு. டிசம்பர்ல அவரே போயிட்டாரு. புதுசா வர்றவன் ஒரு கிரெடிட் குறைஞ்சாலும் என்னைத் தள்ளிவிட்டுட்டுத் தன் ஆளைப் போடுவான். எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்சவன் நான் ஒருத்தன்தான். திரும்பிப் போய் டயர் கடைல நிக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்லயும் நான் ஒருத்திதான். நான் எந்த எழுத்தையும் மாத்தல" என்றேன்.

சொன்ன பிறகுதான் மடியில் இருந்த ஹேண்ட்பேக்கும் அதிலிருந்த சாவியும் நினைவுக்கு வந்தன. அவன் எழுந்து போனான்.

டிராயரைத் திறந்தேன். இரண்டு தாளையும் கவரையும் எடுத்துக்கொண்டு கோச் அறைக்குப் போனேன். அவர் படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இங்க யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு, ரேக்கு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. போன மாசம்தான் ஸ்கூல்ல சேத்திருக்கேன். இந்தத் தபால் அடுத்த திங்கட்கிழமை வந்ததா வச்சுக்கக் கூடாதா, லக்ஷ்மி? ஒரே ஒரு சனிக்கிழமை."

அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதைத்தான் இரண்டு நாளாக நானே செய்துகொண்டிருந்தேன். அவர் மேஜையிலிருந்த தாள்களைக் கவரோடு சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

"ரே பேரோட நான் சைன் பண்ண மாட்டேன், சார்."

"நீ பண்ணலைன்னா பண்றதுக்கு வேற ஆள் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும், சார்."

என் மேஜைக்கு வந்து ரே பெயர் இல்லாமல் பட்டியலை அடித்தேன். நான்கு இடத்தில் எழுத்துப்பிழை. திரும்ப அடித்துக் கையெழுத்துப் போட்டு, கவரையும் எடுத்துக்கொண்டு டீன் ஆபீசுக்கு நடந்தேன். பாதி தூரத்தில் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. கோச் டால்டன். பிடுங்கப் போகிறார் என்று நினைத்துக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் கூடவே நடந்துவந்து, டீன் ஆபீஸ் கதவைத் திறந்து பிடித்தார்.

"நீ போ முன்னால" என்றார்.

6. டீன் கேட்ட கேள்வி

டீன் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா. தாள்களைப் பார்த்த பிறகு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையால் கொண்டுவந்த தாளை ஏன் வாங்கினாய் என்று கேட்டார். எங்கள் நாட்டு வழக்கத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு முத்திரையில் விரலை வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை வந்திருக்கு. இன்னிக்கு வியாழன். ரெண்டு நாள் இது எங்க இருந்துது?"

"என் டிராயர்ல."

"ஏன்?"

"பயந்துட்டேன், மேடம்."

கோச் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்த இரண்டு ஆட்டமும் தோற்றதாக எழுதப்பட்டன. ரே ஊருக்குப் போய்விட்டான். அவன் முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. சீசன் முடிந்ததும் கோச் டால்டனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவரோடு ஐந்து பேரும் போனார்கள். ஐந்து மேஜைகளும் மறுபடி காலியாயின.

என்னை அனுப்பவில்லை. பேப்பர் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்பதுதான் காரணம், அதில் எனக்குப் பெருமை கிடையாது. என் ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் சேர்த்தார்கள். தாளை நம்பியதைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி: 'அனுபவமின்மை.' கவரை இரண்டு நாள் பூட்டி வைத்ததைப் பற்றி ஒரு பத்தி முழுக்க இருந்தது. அதில் இருந்த வார்த்தை 'மறைத்தல்.' அந்தக் கடிதம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

தெரியாமல் செய்த தவறுக்கு இங்கே மன்னிப்பு உண்டு. தெரிந்த பிறகு பேசாமல் இருந்த ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். நான் கற்றது இவ்வளவுதான்.

அதன் பிறகு இன்னும் இரண்டு கோச் கூட்டம் வந்து போய்விட்டது. இப்போது நான் அங்கேயே முழுநேர வேலையில் இருக்கிறேன். பயம் போகவில்லை. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் இன்றும் கை ஹேண்ட்பேக்கில் சாவியைத் தேடும். தேடட்டும் என்று எழுந்து போய் வாங்கி, நின்ற இடத்திலேயே பிரித்து, கோச் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.