கரமனைப் பாலத்தில் நின்ற பஸ்

கரமனைப் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. என் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் ஐஸில் புதைத்த குழாய்களில் நெல் இலைச் சாறு. எந்தச் சூட்டில் இலையின் நொதி செயலிழக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஆய்வகம் போகும் வழியிலேயே அது சூடேறிக் கெட்டுவிட்டால், பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் மீளாது. அடுத்த போகம் நெல் வளரும்வரை நான் காத்திருக்க வேண்டும்.

மூடியைத் திறந்து பார்த்தேன். பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டிருந்தது.

பக்கத்து சீட்டில் ஒரு மீன்கார அம்மா. கறுத்து ஒடிசலான உடம்பு. காலடியில் அலுமினியச் சருவம் நிறைய ஐஸ் போட்ட மீன். அடிக்கடி ஈரச் சாக்கை விலக்கி, ஒரு மீனைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அப்படிக் குனிந்தவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“என்ன மக்ளே, மருந்தா?”

“இல்லம்மா, இலைச் சாறு. சூடு பட்டா செத்துரும்.”

அவர் சாக்கை விலக்கி, இரண்டு கையாலும் ஐஸை அள்ளி என் பெட்டியில் போட்டார். மறுபடியும் அள்ளினார்.

“ஐயோ, உங்க மீனு?”

“மீனு செத்த சாமான்லா. உனக்குள்ளதுக்கு உசிரு இருக்குல்லா? சீக்கிரம் மூடு.”

பஸ் நகர்ந்து பாலம் தாண்டியதும் சருவத்தைத் தலையில் ஏற்றி இறங்கினார். உச்சி வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அன்று சாயங்காலம் நொதி நன்றாகவே வேலை செய்தது. அந்த மீன் என்ன ஆயிற்றோ, தெரியாது. அவருக்கு நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை.