ஏட்டு அக்கரை போன நாள்

நிலைய டைரி எழுத உட்காரும் முன் ஏட்டு தொப்பியை மாட்டிக்கொள்வார். முழங்கையால் மேசைத் தூசியைத் துடைப்பார். பேனாவை உள்ளங்கையில் கிறுக்கிப் பார்ப்பார். பிறகு, எதிர் நாற்காலியில் ஆள் இருப்பதுபோல, ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார். "தீவு அமைதி. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை." அந்தத் தீவில் போலீஸ் என்று இருந்தது அவர் ஒருவர்தான். மனைவியும் மகளும் பள்ளிக்கூடத்துக்காக அக்கரையில். சில நாள் அந்த ஒரு வரிதான் அவர் வாயிலிருந்து வரும் மொத்தப் பேச்சு.

ஒருநாள் எழுத விஷயம் கிடைத்தது. ஐஸ் ஆலை வாசலில் படுத்திருந்த பழுப்பு நாய்மேல் முதலாளி கொதிநீரை ஊற்றிவிட்டார். அரை நாள் துடித்துச் செத்தது. தெருவில் இன்னும் ஒன்பது இருந்தன. இதை விட்டால் அவையும் ஒவ்வொன்றாகப் போகும் என்று ஏட்டுக்குத் தெரிந்தது.

கண்ணால் பார்த்தவள் மீன்கார அக்கா.

"பார்த்தேன்னு எழுதிக்கவாக்கா?"

"நல்லா இருக்கே கதை! நீங்க மாத்தலாகிப் போயிருவீங்க. மீனுக்கு ஐஸ் நான் எங்க போய் வாங்குவேன்?" செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

வேறு நாதியில்லை. புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் ஏட்டு தன் பெயரையே எழுதினார்.

"செத்த நாய்க்கு வக்காலத்து வாங்கி, உசுரோட இருக்கிற ஊரைப் பகைச்சுக்கிறீங்களே" என்றாள் மனைவி, போனில். பொழுது சாய்வதற்குள் ஊர் வாயை மூடிக்கொண்டது. அவர் நுழைந்ததும் சலூனில் கத்தரிச் சத்தம் மட்டுமே கேட்டது.

சாட்சி இல்லாத வழக்குக்கு உடல்தான் சாட்சி. அக்கரைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்து எழுதித் தரவேண்டும். மறுநாள் காலை சாக்குமூட்டையோடு படகுத்துறையில் நின்றார். முதலாளியே ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

"வெயில்ல பொணம் கெட்டா கேஸும் கெட்டுரும்ல ஏட்டய்யா, வச்சுக்குங்க. எங்க ஆலையில முதல் நாய் ஏத்துமதி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏட்டும் சிரித்துவிட்டார். மனுஷன் இறங்கி வருகிறார் என்று ஒரு நப்பாசை.

"எப்ப திரும்புவீங்க?"

"கடைசிப் படகுக்குத்தான்."

"அவசரமில்ல. மெதுவாவே வாங்க."

மருத்துவர் மத்தியானம் முழுக்கக் காக்கவைத்தார். சான்று கைக்கு வந்தபோது மணி நாலரை. மகளை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. தீவில் இறங்கி நடந்தால் தெருவில் ஒரு குரைப்பு இல்லை. வழக்கென்றதும் பயந்து நாய்களையெல்லாம் வீட்டுக்குள் கட்டிவிட்டார்கள்போல என்று நினைத்தார். பல நாளுக்குப் பிறகு அன்று அசந்து தூங்கினார்.

விடிந்தும் ஒரு நாயும் கண்ணில் படவில்லை. கேட்டவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

நாலாம் நாள், படகோட்டி கயிற்றை முடிந்துகொண்டே, முகம் பார்க்காமல் சொன்னார். ஏட்டு அக்கரையில் காத்திருந்த மத்தியானத்தில் ஆலை ஆட்கள் ஒன்பதையும் வலையில் சுருட்டிக்கொண்டு போய், கடல் ஏறினால் மூழ்கிவிடும் மணல் திட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தத் திட்டு ஏட்டின் எல்லைக்குள் வராது, அடுத்த காவல் நிலையத்தைச் சேர்ந்தது என்பதையும் முதலாளி முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாராம்.